முழங்கைக்கு நாலு விரல் கீழே

என் அண்ணி கடைகளுக்குக் கவுண்டர் மாட்டுகிறவள். பதினான்கு வருடமாக அதுதான் வேலை. ஆனால் கடையில் கவுண்டரின் உயரத்தை அவள் டேப்பால் அளந்து நான் பார்த்ததில்லை. கடைக்காரரைக் கவுண்டர் வரப்போகும் இடத்தில் நிற்கச் சொல்வாள். பக்கத்தில் நின்று வலது உள்ளங்கையை விரித்து நீட்டி, "கையை மடக்கி சும்மா இது மேல வைங்க" என்பாள். முக்கால்வாசிப் பேர் கூச்சத்தில் தோளைத் தூக்கிக்கொண்டு பட்டும் படாமலும் வைப்பார்கள். "தோளை இறக்குங்க. என் கை ஒண்ணும் கண்ணாடி இல்ல, உடையாது." கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கும். முழங்கையின் கனம் உள்ளங்கைக்கு வந்து சேரும். அப்போது அண்ணியின் மணிக்கட்டு லேசாகத் தாழும். அங்கிருந்து நாலு விரல் கீழே, கையோடு கொண்டுபோன ஒற்றை அலுமினியக் காலில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். அந்த ஆள் பாதி ஆயுளைச் சாய்ந்து கழிக்கப்போகிற உயரம் அது.

இந்தக் கவுண்டர்களில் ஆணியோ பசையோ கிடையாது. நாலு அலுமினியக் கால்கள், குறுக்கே குழாய்கள், மூலைக்கு மூலை மூன்று பக்கமும் விரல் நீட்டிய ஓர் இணைப்பு. இப்படி ஒரு சட்டம் சேர்ந்தால் அதற்குப் பெயர் 'பெட்டி'. பெட்டிக்குப் பக்கத்தில் பெட்டியாக வைத்துக்கொண்டே போகலாம். மேலே மைக்கா பலகை, முன்னால் கண்ணாடி. காலின் நீளத்துக்கும் ஒரு பள்ளம் ஓடுகிறது. குறுக்குக் குழாயை அதில் எந்த உயரத்திலும் நிறுத்தி எல்-சாவியால் முறுக்கிவிடலாம். மாற்ற முடியாதது முன்கண்ணாடி மட்டும்தான். அண்ணி போடும் கோட்டைப் பார்த்துத்தான் அதைப் பட்டறையில் வெட்டுகிறார்கள். கோடு தப்பினால் கண்ணாடி குப்பைக்குப் போகும்.

ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு ஒரு பையோடு நான் திரும்பி வந்தபோது, அண்ணன் வீட்டுக் கூடத்தில் எனக்குக் கிடைத்த இடம் இரண்டு அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே இருந்தது. நாலாம் நாளே என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. "ஏய் ஊர்சுத்தி, சும்மா தரையைத் தேய்க்காம வாடி, குழாயோட மறுமுனையப் பிடி" என்று அண்ணி என்னை வண்டியில் ஏற்றினாள். வண்டியை ஓட்டுவது என் அண்ணன்.

அவள் கதையை வண்டியில்தான் கேட்டேன். பத்தொன்பது வயதில் அந்தக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். ஒரு கவருக்குப் பதினாறு பெரிய ஸ்குரூ, எட்டுச் சின்னது, ஒரு எல்-சாவி. இரண்டே மாதத்தில் எண்ணுவதை விட்டுவிட்டாளாம். கவரை உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் போட்டுப் பிடித்தால் போதும், குறைகிறதா என்று தெரிந்துவிடும். புதிதாக வந்த டிரைவர் இதை நம்பாமல் ஒரு கவரைப் பிரித்து ஒட்டிக் கொடுத்திருக்கிறான். அண்ணி அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவன் மேலேயே எறிந்தாளாம். "பெருசு பதினஞ்சுதான் இருக்கு. மிச்சம் ஒண்ணு உங்க பாக்கெட்ல."

"அன்னிக்கு மாட்டினதுதான்" என்றான் அண்ணன், கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே.

"யாரு? நானா நீங்களா?" என்றாள் அண்ணி.

அப்புறம் ஒரு நாள், கவுண்டர் மாட்டப் போன ஆள் பாதியில் சண்டை போட்டுவிட்டுப் போய்விட, விடுபட்ட ஸ்குரூக்களைக் கொடுத்துவிட்டு வரப் போனவள் முழுக் கவுண்டரையும் மாட்டிவிட்டு வந்திருக்கிறாள். அன்றிலிருந்து அவள் ஃபிட்டர். வரிசை வரிசையாகக் கடைகள். எந்தக் கடைக்காரரும் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னதில்லை.

அவள் சொல்லாமல் நானே கண்டுபிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு காலையில் அப்போதுதான் ஊற்றிய டீயை, விளிம்பைப் பிடிக்காமல், டம்ளரை வலது கை முழுவதாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினேன். அவள் கை அசையவில்லை. உள்ளங்கை சிவந்திருந்தது.

"மரத்துப் போச்சு" என்றாள் மெதுவாக. "கட்டைவிரல்ல ஆரம்பிச்சுது. இப்ப முழுசும். சாவி முறுக்கி முறுக்கி."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நீ சொன்னேன்னு வை, உன்னைப் பெட்டியில போட்டு ஒட்டி அனுப்பிடுவேன்."

அவள் சிரித்தாலும் பயந்திருந்தாள். முந்தின மாதம் ஒரு கண்ணாடித் தட்டு அந்தக் கையிலிருந்து நழுவி உடைந்திருந்தது. அது முதல் புகார். மூன்று புகார் வந்தால் பேக்கிங்குக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது கம்பெனி வழக்கம். பேக்கிங்குக்கும் அந்தக் கைதானே வேண்டும்? "அங்க ஒரே வாரத்துல தெரிஞ்சுடும். அப்புறம் வீட்டுல உக்காந்து சுவத்தைப் பார்க்கணும்" என்றாள். கொஞ்ச நாளாக அவள் கனத்தைக் கையால் உணரவில்லை. கடைக்காரரின் தோள் இறங்குவதைக் கண்ணால் பார்த்துக் கணக்காகச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிலைமையில்தான் பட்டன் கடைக்குப் போனோம்.

பட்டனும் நூலும் லேஸும் விற்கும் ஒடுங்கிய கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள்; ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்று தைத்திருந்தது. நடுப்பகல்தான், ஆனால் அந்த ஆயிரம் பட்டன்களும் நம்மையே பார்ப்பதுபோல இருந்தது. பழைய மரக் கவுண்டரை எடுத்துவிட்டார்கள். தரையில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மூணு பெட்டி என் உயரத்துக்குப் போதும். அந்தக் கோடிப் பெட்டி மட்டும் உசரமா வேணும். அங்க அவர் நிப்பார்."

"சரிம்மா. அவர் வந்தா அளந்துக்கறேன்."

"அவர் எங்கயும் போகலையே. இங்கதான் இருப்பார்."

பின்னறையில் இருக்கிறார் போல என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணி முதலில் அந்த அம்மாவை அளந்தாள். பிறகு கோடிக்குப் போய் நின்று, பழக்கத்தில் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டியபடியே, கழுத்தைத் திருப்பி அந்த அம்மாவிடம் இழுப்பறை எத்தனை வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவே, திரும்பாமலே சொன்னாள்:

"தோளை இறக்குங்க சார்."

நான் அலுமினியக் காலைப் பிடித்துக்கொண்டு வாசலருகே நின்றிருந்தேன். அண்ணியின் கைக்கும் சுவருக்கும் நடுவே வெற்றிடம்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம். ஆங், அப்படித்தான்."

அவள் மணிக்கட்டு தாழ்ந்தது. கனம் விழும்போது தாழுமே, அதே அளவு. பென்சிலை இடது கையில் எடுத்து, என்னைக் காலை நகர்த்தச் சொல்லிக் கோடு போட்டாள். "நாப்பத்திரண்டு இஞ்ச். நல்ல உயரம் சார் நீங்க" என்று திரும்பியவள் அப்படியே நின்றாள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

கடைக்கார அம்மா பயப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எட்டு மாசம் ஆச்சு அவர் போய். உங்க பேச்சுக்காவது தோளை இறக்கினாரே. முப்பது வருஷமா நான் சொல்லிக் கேட்டதில்ல."

வண்டியில் ஏறியதும் அண்ணி என் பக்கம் திரும்பினாள். அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தான்.

"நெசமாவே யாரும் இல்லையா?"

"இல்ல அண்ணி."

"இந்தக் கையில எனக்குச் சுடு டீ தெரியாது. அந்தச் சட்டைத் துணி தெரிஞ்சுது. முழங்கைப் பக்கம் ஒரு தையல் பிரிஞ்சிருந்துச்சு. அதுவும் தெரிஞ்சுது."

நாற்பத்திரண்டுக்கே கண்ணாடி வெட்டி வந்து மாட்டினோம். கோடியில் ஒரு பெட்டி மட்டும் படிபோல உயர்ந்து நின்றது. அந்த அம்மா அதன்மேல் எதையும் வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மொபைல் கடை. கடைக்காரன் இருபத்தைந்து வயதுப் பையன், குட்டையான ஆள், நிற்காமல் போனில் பேசுகிறவன். அண்ணியின் கைமேல் முழங்கையை வைத்துக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்து, கை சரியாகிவிட்டது போல என்று நான் சந்தோஷப்பட்டேன். கையை அவள் மெல்ல மெல்ல மேலே தூக்கியதையும் பையன் கவனிக்கவில்லை, நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடு போட்டோம். கண்ணாடி வந்தது. மாட்டி முடித்ததும் பையன் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றான். தலையும் தோளும்தான் தெரிந்தன.

"அக்கா, நான் மொபைல் விக்கணுமா, எட்டிப் பார்த்து ஒளிஞ்சு விளையாடணுமா?"

பக்கத்துக் கடையில் சாவி செய்கிறவர் வேடிக்கை பார்க்க வந்து சிரி சிரி என்று சிரித்தார். "முன்னாடி இங்க இருந்த டெய்லருக்குத்தான் இது சரியா இருக்கும். ஒட்டகம்னுதான் கூப்பிடுவோம். நின்னுக்கிட்டேதான் துணி வெட்டுவாரு."

"அவர் இப்ப எங்க?" என்றாள் அண்ணி.

"மேல போயிட்டாரு."

"மாடிக்கா?"

"அதுக்கும் மேலம்மா."

அது இரண்டாவது புகார். அன்று சாயங்காலம் கம்பெனி சூப்பர்வைசர் அண்ணியை உட்கார வைத்துப் பேசினார். ஐம்பது வயது, தாட்டியான உடம்பு, வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். கெட்டவர் இல்லை. "இன்னொண்ணு வந்தா நானே நினைச்சாலும் காப்பாத்த முடியாதும்மா. அடுத்த கடைக்கு நானும் வரேன். நீ அளக்கறதைப் பக்கத்துல நின்னு பார்க்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இந்தக் கைக்கு இருக்கறவங்க தெரியல. போனவங்கதான் தெரியறாங்க. இனிமே இடது கைதான்." அன்றிலிருந்து தினமும் நான் பாத்திர மேடைக்கு முன்னால் நின்று அவள் இடது உள்ளங்கையில் முழங்கையை வைத்தேன். அவள் கோடு போட்டாள், டேப்பால் சரி பார்த்தாள், அழித்தாள், மறுபடி போட்டாள். இடது கைக்கு அது பதினான்கு வருடம் பிந்திய படிப்பு. அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கல்யாண ஃபோட்டோக்கு நிக்கற மாதிரி இருக்கு. மாலை வாங்கிட்டு வரவா?" என்றான். விஷயத்தை அவனுக்கு அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த கடை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. புதுக் கட்டடம், வெள்ளையடித்த வாசனைகூடப் போகவில்லை, தரைக்கல்லின் மேல் ஒட்டியிருந்த தாள் இன்னும் கிழிபடவில்லை. உள்ளே நுழைந்ததும் அண்ணி நின்று மூச்சை இழுத்து விட்டாள்.

"இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துது?" என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. காலி மனை. புல்லும் கல்லும்தான்."

அண்ணி என் காதில், "இங்க யாரும் நின்னதில்ல" என்றாள். பல நாள் கழித்து அன்றுதான் அவள் நிமிர்ந்து நடந்தாள்.

சூப்பர்வைசர் வந்தார். ஒரு மிட்டாயை எனக்கும் நீட்டினார். கண்ணாடிக் கடைப் பெண் இடத்தில் நின்றாள். அண்ணி இடது கையை நீட்டினாள். பெண்ணின் தோள் இறங்கியது. கோடு விழுந்தது: முப்பத்தாறரை. நான் டேப் வைத்துப் பார்த்தேன்; அரை இஞ்ச்கூடப் பிசகவில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

சூப்பர்வைசர் கோட்டைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வலது கையாலதானே அளப்பே?"

"எந்தக் கையா இருந்தா என்ன சார்? அளவு சரியாத்தானே இருக்கு."

"கண்ணாடித் தட்டு நழுவுனது எந்தக் கை?"

அண்ணி வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாதவள் அவள்; காது மடல் சிவந்துவிடும்.

"மறைக்காதேம்மா. பெரிய கண்ணாடி தூக்கற வேலை. நாளைக்கு யார் கால்லயாவது விழுந்தா? மரத்துப் போயிருந்தா இப்பவே சொல்லிடு, மரியாதையா வேற எடத்துக்கு மாத்தி விடறேன். இல்லன்னா கையைக் காட்டு, நானே பார்க்கறேன். கண்ணை மூடிக்கோ. வச்சிருக்கேனா எடுத்துட்டேனான்னு சொல்லு."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அண்ணியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கண்ணை மூடி, சுவரில் மாட்டப்போகும் பலகையை நீட்டுவதுபோல வலது கையை நீட்டினாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் தன் முழங்கையை அவள் உள்ளங்கையில் இறக்கினார்.

அண்ணியின் மணிக்கட்டு தாழ்ந்தது.

"வச்சிருக்கீங்க" என்றாள்.

அவர் எடுத்தார். "எடுத்துட்டீங்க." ஒற்றை விரலால் தொட்டார். "விரல். ஒண்ணுதான்." மறுபடி முழங்கை, இந்த முறை இறகுபோல, பட்டும் படாமலும். "தோளைத் தூக்கி வச்சிருக்கீங்க சார்."

"அட!" சூப்பர்வைசர் வாய்விட்டுச் சிரித்தார். "என் பொண்டாட்டிக்குக்கூட என்னை இவ்வளவு தெரியாது. நல்லாத்தானேம்மா இருக்கு கை! எதுக்குத் தேவையில்லாம பயமுறுத்துனே?" புகார்த் தாளை எடுத்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "இதை மறந்துடு. அடுத்த மாசம் பெரிய நகைக்கடை ஒண்ணு வருது, நாப்பது பெட்டி. உனக்குத்தான்."

கடைக்காரப் பெண் சும்மா கைதட்டினாள். அண்ணி கண்ணைத் திறந்து சூப்பர்வைசரையே பார்த்தாள். அவர் சிவந்த முகம், மிட்டாயால் உப்பிய கன்னம், கழுத்தில் வேர்வை. அவர் நன்றாகத்தான் இருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள். பட்டன் கடையில் திரும்பி நின்றபோது இருந்த அதே முகம். போனவங்கதான் தெரியறாங்க என்று அவள் சொன்னது எனக்கு நினைவு வந்தது.

"சார், ஒருதரம் டாக்டரைப் பார்த்துடுங்க."

"யாரு, நானா? கை உனக்கும்மா."

"இல்ல சார். நாளைக்கே. லீவு போட்டுட்டுப் போங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"என்னை அனுப்பிட்டு என் நாற்காலியில உக்காரலாம்னு பார்க்கறியா?" எழுந்த சிரிப்பு அடங்காமலே அவர் வெளியே போனார். வாசல் தாண்டும்போது கதவுச் சட்டத்தை ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றார். படி தட்டியதோ என்னவோ. பிறகு தெருவில் இறங்கி நடந்துவிட்டார். அண்ணி ஓடிப்போய் அவர் வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மீதி வேலையை நாங்கள் எப்படி முடித்தோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வண்டியில் அண்ணி நடுவில் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தான். நகைக்கடை கிடைத்ததை நான்தான் சொன்னேன். "நாப்பது பெட்டியா! அப்ப எனக்கு ஒரு புதுச் சட்டை" என்று அவன் ஹாரனை இரண்டு தரம் அடித்தான். அண்ணி அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் கையை வெளியே எடுத்து, குறுக்காக என் பக்கம் நீட்டினாள்.

"வை."

"வேண்டாம் அண்ணி."

"வைடி."

வைத்தேன். தோளை இறக்கி, முழுக் கனத்தையும் போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எந்த எல்லையிலும், எந்த விசா வரிசையிலும் நான் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை என்று தோன்றியது. "ஒண்ணும் தெரியல" என்று கடைசியில் மூச்சை விட்டாள். என் கன்னத்தை இடது கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, வண்டியை ஓரமா நிறுத்துங்க."

"என்னாச்சு?"

"நிறுத்துங்களேன்."

அவன் ஒரு மரக்கடை வாசலில் ஓரம் கட்டினான். அண்ணி உள்ளங்கையை அவன் முன்னால் விரித்தாள். "முழங்கையை வைங்க."

"ஏன், எனக்கும் கவுண்டர் போடப்போறியா?" என்று சொல்லிக்கொண்டே வைத்தான். அவன் எப்போதும் அப்படித்தான், கேள்வியும் கேட்பான், சொன்னதையும் செய்வான். லாரிகள் எங்களைக் கடந்து போயின; ஒவ்வொன்றுக்கும் வண்டி ஒருமுறை ஆடியது. அண்ணியின் கண்கள் மூடியிருந்தன. அவள் உதடு எதையோ எண்ணுவதுபோல அசைந்தது. நான் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"வச்சுட்டுத்தானே இருக்கேன்" என்றான் அண்ணன்.

அவள் மணிக்கட்டு தாழவே இல்லை. அவள் கண்ணைத் திறக்கவில்லை. "அப்படியே கொஞ்ச நேரம் இருங்க" என்றாள்.